எந்த எடிட்டர் என்று ஒரு தடவைதான் கேட்டார்கள்

ஜெர்மனியில் காபி வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். மறுபடி கேட்பார்கள் என்று நம்பி, முதல் குளிர்காலம் முழுக்க நான் காபி இல்லாமலே கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் புத்தி வரவில்லை. நான் மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினிக்கு அசெம்ப்ளர் மொழியில் நிரல் எழுதுகிறவன். அதில் ஒவ்வொன்றுக்கும் வரியில் இடம் உண்டு. எழுபத்திரண்டாம் இடத்தில் தவறி ஓர் எழுத்து விழுந்தால், அடுத்த வரியையும் இதே வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் இதை எழுத எங்கள் குழுவுக்கு ஒரே எடிட்டர், அதாவது நிரலைத் தட்டி எழுதும் மென்பொருள், வேண்டும் என்று மேலாளர் பிர்கிட் சொன்னார். ஒன்று அலுவலகக் கணினியில் ஓடுவது, ஒவ்வொரு எழுத்தும் இணையத்தில் போய்வரும். இன்னொன்று மடிக்கணினியிலேயே இருப்பது. “உங்களுக்கு எது?” என்றார். “எதுவானாலும் சரி” என்றேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். முதலாவதே முடிவானது.

இரண்டு மாதம் என் ஊரான தென்காசியிலிருந்து வேலை பார்த்துக் காட்டினால், வருடத்தில் பாதி ஊரில் இருக்கலாம் என்று அனுமதி வாங்கி வந்திருந்தேன். என் மனைவி சபீனா பக்கத்துக் கீழப்பாவூரில் ஆசிரியை, வேலையை விட்டுவிட்டு வரமாட்டாள். சாரல் தொடங்கியதும் இணையம் படுத்துவிட்டது. தட்டிய எழுத்து வரவில்லையே என்று மறுபடி தட்ட, வரி நகர்ந்து, அதன் கடைசியில் எழுதியிருந்த விளக்கக் குறிப்பின் வால் எழுபத்திரண்டைத் தொட்டது. அடுத்த வரி அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாகி, நிரலிலிருந்தே காணாமல் போனது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வார வேலை வீண்.

“எது வேணும்னு அவங்க கேக்கவே இல்லயா?” என்றாள் சபீனா.

“கேட்டாங்க. திரும்பக் கேப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

“அது என்ன கல்யாண வீடா, கையப் புடிச்சுப் பந்திக்கு இழுக்க? இங்கன இருக்கணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ஐந்தருவியில் வெள்ளம். போலீஸ் குளிக்க விடவில்லை. காத்திருந்த நேரத்தில் கைபேசியில் பிர்கிட்டுக்கு எழுதினேன்: ‘எனக்கு இந்த எடிட்டர் வேண்டாம். மற்றதுதான் வேண்டும்.’ மேலதிகாரிக்கு இப்படி மொட்டையாக எழுதியதே இல்லை, வெட்கமாக இருந்தது. மறுநாள் பதில் வந்தது: ‘நல்லது. நிறுவிக்கொள்ளுங்கள்.’ கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. இதைச் சொல்லவா இத்தனை நாள் தயங்கினேன் என்று வியப்பாக இருந்தது.

அதன்பின் இணையம் போனாலும் வரிகள் இடம் மாறவில்லை. நேற்று பிர்கிட் எழுதினார்: ‘வேலை நன்றாக நடக்கிறது. இனி வருடம் முழுக்க அங்கேயே இருக்கலாம். இங்குள்ள உங்கள் மேசையை வேறொருவருக்குக் கொடுக்கலாமா?’

பாதிதான் கேட்டேன், முழுதாகவே தருகிறார். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கைபேசியைச் சபீனாவிடம் நீட்டினேன்.

“அங்கன ஒங்க சாமான் எதுவும் இருக்கா?” என்றாள் சபீனா.

“மேசைப் பக்கம் கொக்கியில ஒரு குளிர் கோட்டு தொங்குது.”

“இங்கன எதுக்குக் கோட்டு?”

சரிதான், தென்காசியில் அதைப் போட ஒரு நாளும் வராது. ஆனாலும், அதை யாரும் அந்தக் கொக்கியிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது.