ஜப்பான் கதை கேட்டு லாச்சப்பலுக்குப் போனேன்

பாரிசின் புறநகர் எபினே-சூர்-செய்னில் இருந்து, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். முப்பத்தேழு வருடமாகப் போய்வருகிற இடம்தான். ஆனால் போன மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அரிசி வாங்கவோ முடிவெட்டவோ நான் போகவில்லை. என் மனைவி மலருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று விசாரிக்கப் போனேன். அவள் இறந்து பதினொரு மாதம் கடந்திருந்தது. ஆட்டைத் திவசத்துக்கு, அதுதான் முதலாம் ஆண்டுப் படையலுக்கு, பன்னிரண்டு நாள் இருந்தது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் சுதா இதைக் கணினியில் தட்டுகிறாள். இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் கதை வாசித்தவளும் அவள்தான். எல்லாம் ஜப்பான்காரர் இப்போது எழுதுகிற கதைகள். பிரெஞ்சில் வந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுவாள். ஐந்து புத்தகம் முடித்தோம். ஐந்திலும் யாரோ செத்துப்போகிறார்கள், மிஞ்சியவர் சமைக்கிறார். முதலாவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், அயல்தான் சோறு கொண்டுவரும். அங்கே ஒரு பெண் தாயை எரித்துவிட்டு வந்து, கையைக் கழுவி, அரிசி களைகிறாள்! ஒப்பாரி கிடையாது. காதலும் அப்படித்தான். விருப்பம் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. மீனில் முள்ளெடுத்து மற்றவர் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். போகப்போக எனக்கு அது பிடித்துவிட்டது.

ஐந்தாவது கதையில், தாய் செத்தபிறகு மகள் குளிர்பெட்டியைத் துப்புரவு செய்கிறாள். பின்னால் ஒரு போத்தல். தாய் தனக்கென்று போட்டுவைத்த கத்தரிக்காய் ஊறுகாய், பாதி முடிந்திருக்கிறது. மகள் அதை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. சோறு வடித்து, அந்த ஊறுகாயோடு சாப்பிடும்போதுதான் அழுகிறாள்.

சுதா புத்தகத்தை மூடினாள். நான் கேட்டேன்: "கொம்மாவுக்கு என்ன பிள்ளை விருப்பம்?"

"தெரியேல்லை அப்பா."

"நண்டுக்கறி. எட்டுச் செலவுக்கு நான்தானே சொல்லி வைப்பிச்சனான்."

"அது உங்கட விருப்பம் அப்பா."

எட்டாம் நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்த மச்சக்கறி வைப்பது எங்கள் வழக்கம். நான் மலருக்கு நண்டு வைத்தேன். நாற்பத்திநாலு வருடம் அவள் நண்டை உடைத்துச் சதையை என் தட்டில் போட்டாள். ஓட்டைச் சூப்பினாளா என்றுகூட நான் பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் குசினிக்குள் தனியாகச் சாப்பிடுவாள். திவசத்திலும் என் சாப்பாட்டையே அவளுக்குப் படைக்க மனம் வரவில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய் காலை பத்து நாற்பதுக்கு வெளிக்கிட்டேன். ரயில் நிலையத்துக்கு ஒன்பது நிமிட நடை. டிக்கெட் இரண்டு யூரோ ஐம்பது. பெயர்ப்பலகை வாசிக்க முடியாதவர்களுக்குச் சொல்கிறேன், எண்ணிக்கொண்டால் போதும்: முதல் தரிப்பு சென்-தெனி, இரண்டாவது கார் து நோர். பதின்மூன்று நிமிடம். அங்கிருந்து வடக்கே தெரு வழியே பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். சந்தியில் திரும்பினால் ரூ லூயி-பிளாங்.

அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பவளம் வேலை செய்கிறாள். ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறையில் பதினொரு வருடம் மலருக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள்.

"சாப்பாடோ அண்ணை, பார்சலோ?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"பவளம் நிக்கிறாவோ?"

"ஓம், பின்னுக்கு ரோல்ஸ் சுத்திறா. என்ன அண்ணை, கலியாணப் பேச்சோ?" என்று சிரித்தார்.

பவளம் எட்டிப்பார்த்து, "உவருக்கு வாய் சும்மா இராது. நீங்கள் இஞ்சாலை வாங்கோ அண்ணை. தனியவோ வந்தனீங்கள்?" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஜப்பான் கதையையும் திவசத்தையும் சொல்லி, வந்த காரியத்தைக் கேட்டேன்.

"நாப்பத்திநாலு வருஷம் அவவின்ரை கையாலை திண்டுபோட்டு, இப்ப என்னட்டை வந்து கேக்கிறியளே!"

"நான் திண்டது தெரியும் பவளம். அவள் திண்டது தெரியாது."

ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"சொல்லுவன். கோவிக்கப்படாது."

"செத்தவளோடை என்ன கோவம்?"

"வாய்ப்பன்," என்றாள். "வெள்ளிக்கிழமையளிலை வேலை முடிய இஞ்சை மரக்கறி வாங்க வருவம். முன்னுக்கு ஒரு கடையிலை சுடச்சுடப் போடுவினம். ஒண்டே ஒண்டு வாங்குவா. வாசல்லை நிண்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்னுவா. பிள்ளையளுக்கும் வாங்கன் எண்டா, 'வீட்டை கொண்டுபோனா எனக்கு மிஞ்சாது பவளம், இது என்ரை' எண்டு சிரிப்பா."

எனக்கு ஞாபகம் நல்ல கூர்மை. பாரிசில் இருந்த ஒவ்வொரு அறையின் வாடகையும் சொல்லுவேன். மலர் வெள்ளிக்கிழமைகளில் இருபது நிமிடம் பிந்தி வந்ததும் ஞாபகம் இருக்கிறது. "எங்கை மினக்கெட்டனீ?" என்று நான் சத்தம் போட்டதும், "ரயிலிலை சனம்" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பதினொரு வருடம், அந்த இருபது நிமிடம் எதற்கென்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பவளம் அங்கேயே மா குழைத்து நாலு வாய்ப்பன் பொரித்தாள். வெளியே கரகரப்பு, உள்ளே பஞ்சு, வாழைப்பழ வாசம்.

"ஆற முதல் தின்னுங்கோ. ஆறினதை அவ தொடமாட்டா."

"அப்ப படையலுக்கு? எபினேக்குப் போக ஆறிப்போமே."

"நீங்கள்தான் வீட்டிலை போடவேணும். கோதுமை மா, நல்லாக் கறுத்த வாழைப்பழம், சீனி, துளி உப்பு."

"நானோ?"

"பின்னை, ஜப்பான்காரனே வந்து பொரிப்பான்?"

திவசத்தன்று முதல் ஆறும் கருகிப்போயின. ஏழாவது உருண்டையாகவும் சிவப்பாகவும் வந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் பார்த்து, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுபோய் இலையில் வைத்தேன். படைத்ததைப் பிறகு எல்லாருக்கும் பங்கிடுவது முறை. மலரின் அக்கா அதைப் பிய்க்கக் கை நீட்டினார்.

"அதை விடுங்கோ," என்றேன். "அது அவளின்ரை."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். அது இலையில் அப்படியே கிடந்தது.

லாச்சப்பல் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் நெரிசல் குறைவு. வாய்ப்பன் ஒரு யூரோ. கண்ணாடிப் பெட்டியில் இருப்பது காலையில் போட்டது. புதிதாகப் போடுவீர்களா என்று கேட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஜப்பான் கதைகளை வெறும் வயிற்றில் கேட்கவேண்டாம். மனைவியோடு போகிற ஆண்களுக்கு இன்னொன்று: மரக்கறிப் பையை நீங்கள் வாங்கிப் பிடியுங்கள். கை வெறுமையானதும் அவள் எந்தக் கடைப்பக்கம் போகிறாள் என்று பாருங்கள்.