துவைகல் ஓரத்து ஆரஞ்சு

செம்மநத்தம் வெள்ளையன் பாதி ஆயுளை நாற்றுப் பண்ணையில் கழித்தவர். ஏற்காட்டில் ஆரஞ்சுக் கன்று வளர்த்து விற்கும் பண்ணை அது. ஆரஞ்சு விதை ஒன்றைப் போட்டால் சில நேரம் இரண்டு மூன்று முளைகள் கிளம்பும். ஒரே உயரமாக, ஒரே பச்சையாக நிற்பவற்றை வைத்துக்கொண்டு, மெலிந்ததையும் இலை மாறியதையும் பிடுங்கி எறிவதுதான் அவர் வேலை. வாங்குகிறவர்களுக்குச் சீரான கன்று வேண்டும். யோசிக்காமலே கை அதைச் செய்யும்.

அப்படி எறிந்த ஒன்றை அவர் மனைவி சின்னத்தாயி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் துவைகல் ஓரத்தில் நட்டார்.

"குப்பைக்குப் போறத ஊட்டுக்குக் கொண்டாந்திருக்கறயே" என்றார் வெள்ளையன்.

"உங்களையே ஊட்ல வெச்சிருக்கறேன், இதுக்கு எடமில்லையாக்கும்?"

அது முள்ளும் கிளையுமாக வளர்ந்தது. பழம் கொஞ்சம் புளிப்பு. வெள்ளையன் அதை ஒரு மரமாகவே மதிக்கவில்லை. அவருடைய பெருமையெல்லாம் வீட்டுக்குக் கீழே சரிவில் நின்ற மரங்கள்தான். அவரே பொறுக்கியெடுத்த கன்றுகள்.

இரண்டு வருடமாகச் சரிவு மரங்களில் இலை மஞ்சளித்தது. காய் பழுக்காமல் ஒரு பக்கம் கோணிக்கொண்டு உதிர்ந்தது. ஒண்டிக்கடை சந்திப்பில் மளிகைக்கடை வைத்திருக்கும் சாதிக் பாஷாவின் மகள் பர்ஹானா கோயம்புத்தூரில் இதே நோயைத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தவள் முகம் சுருங்கியது.

"ஏனுங்ணா, இதுக்கு மருந்தில்லைங்க. சின்னப் பூச்சி ஒண்ணு மரத்துக்கு மரம் கொண்டு போயிரும். வெட்டறதுதான் வழி."

"தொவைக்கிற கல்லுகிட்ட நிக்கறது பச்சையாத்தான இருக்குது?" என்றார் சின்னத்தாயி.

"இருக்குதுங்கக்கா. ஆனா உள்ள நோய் எறங்கி, வெளிய காட்டாமயும் இருக்கலாம். அப்படியிருந்தா அதையும் வெட்டித்தான் ஆகணும்."

எல்லா மரத்திலும் இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். முடிவு வரும்வரை சின்னத்தாயி கணவரிடம் சரியாகப் பேசவில்லை. கோடாலியையும் எங்கோ ஒளித்துவைத்தார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் பர்ஹானா திரும்பி வந்தாள். "அக்கா, உங்க மரத்துல நோய் இல்லைங்க."

சின்னத்தாயி துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிக் கண்ணு அவ்வளவு உறுதியாச் சொல்ற?" என்றார் வெள்ளையன்.

"உசுருள்ள எல்லாத்துக்குள்ளயும் ஒரு எழுத்து இருக்குதுங்ணா. நாலே எழுத்துதான். ஆனா அதுல நீளமா எழுதியிருக்கும். ரெண்டு இழையா முறுக்கிக்கிட்டு நிக்கும். இந்த இழையில ஒரு எழுத்துன்னா, எதிர்ல அதோட ஜோடிதான் நிக்கும். ஒத்தச் செருப்பக் குடுத்தா ஜோடிய தைச்சிர மாட்டாங்களா? அப்படித்தான். இழை ரெண்டும் பிரியும், ஒவ்வொண்ணும் தன் ஜோடியச் சேத்துக்கும். ஒண்ணு ரெண்டாயிரும். ஒரு தளிர் வர்றதுக்குள்ள இது கோடித் தடவை நடக்குது. நோய்க் கிருமியோட எழுத்து துளி இருந்தாலும், அதே வித்தையில மெஷின்ல பெருக்கிக் காட்டிரலாம். சரிவு மரத்துல பெருகுச்சு. இதுல ஒண்ணுமே வரலைங்க."

"ஜோடி சேக்கறப்போ தப்பே வராதா?"

"வரும். திருத்தவும் உள்ளயே ஆள் இருக்குது. அதையும் மீறி எங்காவது ஒண்ணு தங்கும்."

பிறகு அவள் சொன்னதுதான் வெள்ளையனை நிலைகுலைய வைத்தது. இலைகளின் எழுத்தைத் துண்டு துண்டாகப் படித்து, ஒரே சுவரொட்டியின் பல பிரதிகளைக் கிழித்துப் போட்டு ஓரம் பார்த்து ஒட்டுவதுபோலக் கம்ப்யூட்டரில் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டிருந்தார்கள். முப்பது கோடிக்கு மேல் எழுத்து. சரிவு மரங்களுக்குள் அங்கொன்று இங்கொன்றாகத் தவிர வித்தியாசமே இல்லை.

"நீங்க வெச்சுக்கிட்டதெல்லாம் தாய்மரமேதாங்ணா. தேனீ கொண்டாந்த மகரந்தத்துக்கு அதுல பங்கில்லை. தாயோட உடம்பே வெதைக்குள்ள பூந்து மொளைச்சிருக்குது. அக்கா நட்டது மட்டும் வேற. அதுக்கு அப்பன் உண்டு."

வெள்ளையன் தன் விரல்களைப் பார்த்தார். இந்த விரல்கள் பிடுங்கி எறிந்தவற்றில் எத்தனை, உலகத்தில் அதற்குமுன் இல்லாத மரங்களாக இருந்திருக்கும்? வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. தெரியாமல் எதன் வாசலில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம் என்ற திகைப்பு.

"அப்ப இதுக்கு நோயே வராதா?"

"அது தெரியலைங்ணா. இதுவரைக்கும் வரலை. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு கிளை வெட்டிக்கட்டுங்களா, வளத்துப் பாக்கறோம்."

"அவரைக் கேக்காத சாமி, என்னைக் கேளு" என்றார் சின்னத்தாயி. "அவருக்குத்தான் அது குப்பை மரமாச்சே."

மறுநாள் கோடாலி தானாகவே வாசலுக்கு வந்திருந்தது. வெள்ளையன் சரிவில் இறங்கினார். முதல் மரம் சாய்ந்ததும் வெட்டுவாயில் ஆரஞ்சு மணம் எழுந்தது. இரண்டாவதிடம் போனார். இது இன்னொரு மரமல்ல, அதே மரம். யார் நட்டது என்றே தெரியாத ஏதோ ஒரு மரம், எத்தனையோ மழைக்காலங்களாகத் தன்னைத் தானே எழுதி எழுதி இந்தச் சரிவுவரை வந்திருக்கிறது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டுப் பட்டையில் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கைக்கடியிலும் எங்கோ இழைகள் பிரிந்து ஜோடி சேர்ந்துகொண்டிருக்கும். நோயுற்ற மரத்தில்கூட அது நிற்காது. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கோடாலியை எடுத்தார்.

"ஏனுங்க!" மேலிருந்து சின்னத்தாயி கத்தினார். "ஒரே வேகத்துல மேல ஏறி வந்தறாதீங்க, கீழயே நிறுத்திக்கோங்க!"

"வரமாட்டேன் போ" என்றார் வெள்ளையன்.

சின்னத்தாயி நம்பவில்லை. மாலைவரை மரத்தடியைவிட்டு நகராமல், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார்.