ஆண்டவர் திறந்த ஓட்டு வீடு

"…விடிஞ்சா போதுமாம், குடும்பத்தோட வெளிக்குப் போவாங்களாம். அந்தப் பொண்ணு கண்ணாடி முன்னால நின்னுகினு போவுமாம். அவங்க வாயாலயே சொன்னாங்க, செல்வி. கக்கூஸ் கட்டிக் குடுத்தாலும் என் கரும்புக் கொல்ல இன்னாத்துக்கு ஆவும்? வூடு குடுக்க முடியாது, வேற எடம் பாரு."

தனபாக்கியம் பெரியம்மா இப்படிச் சொன்னதும் நான் வந்த வழியே திரும்பினேன்.

அன்பானவர்களே, நான் யாருக்காக வீடு கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். புஷ்பம் அக்கா இலங்கையில் மன்னார்க்காரர். சண்டைக்குப் பயந்து சிறு பெண்ணாகப் படகில் வந்தவர். சண்டை ஓய்ந்தும் திரும்பிப் போக அங்கே வீடு இல்லை. எங்கள் ஊர் அகதி முகாமிலேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, கணவரையும் இங்கேயே அடக்கம் செய்தார். போன ஐப்பசியில் கல்வராயன் மலையில் கொட்டிய மழை, முகாம் வீட்டுச் சுவரைச் சாய்த்துவிட்டது. அக்காவும் மகளும் எங்கள் ஜெபக்கூடத்தில் பாய் விரித்தார்கள். அரசாங்கம் கட்டும் புது வீடு எப்போது வரும் என்று கேட்டால், "வரும்" என்றுதான் பதில் வரும்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. யாராவது பழைய வீடு ஒன்றைத் தங்கக் கொடுத்தால், ஓடு மாற்றிக் கக்கூஸும் கட்டித் தருவார்கள். திங்கட்கிழமை கொத்தனார்கள் வருவார்கள். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். கச்சிராயபாளையம் ரோட்டோரம் பூட்டிக் கிடந்த வீட்டைத் தருவதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை அக்கா தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு கதை மாறியது; மத்தியானம் நான் போனபோது கிடைத்ததுதான் முதலில் சொன்ன பதில்.

இதை அக்காவிடம் எப்படிக் கேட்பேன்? வெட்கம். வீடு இல்லை என்று மட்டும் சொன்னேன். மகளின் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று மாலை ஜெபக்குழுவில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரிடமும் அதை எந்த வார்த்தையில் சொல்வது? "தகப்பனே, அந்தக் காரியத்தை நீரே அடக்கும்" என்றேன். விவரம் தெரியாத பெண்கள் எல்லோரும் உரக்க ஆமென் போட்டார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து அக்காவும் நானும் வந்தோம். பஸ் ஸ்டாப்பில் பெரியம்மா. மாம்பழக் கலர் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம். திருக்கோவிலூரில் கல்யாணம். எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தலைகுனிந்து நடந்தேன். அக்காவோ நேரே போய் நின்றார்.

"என்னம்மா, நல்ல வடிவா வெளிக்கிட்டு நிக்கிறியள்."

பெரியம்மாவுக்குக் கண் சிவந்தது. "யாரப் பாத்து இன்னா சொல்ற? பட்டுப்பொடவ கட்டிக்கினு, பூ வச்சிகினு, பஸ் ஸ்டாப்புல நின்னுகினு எவளாவது அதுக்குப் போவாளா?"

"எதுக்கம்மா?"

"நீதான சொன்ன, வெளிக்குன்னு."

"ஓம். சீலை உடுத்தி, பூ வைச்சுப் புறப்படுறதைத்தான் நாங்கள் வெளிக்கிடுறது எண்டு சொல்லுவம். மகளும் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடிக்கு முன்னால நிண்டுதான் வெளிக்கிடுறவள்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "பொறப்படறதா?"

"பொறப்படறதுதான் பெரிம்மா" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

வெளியாரிடம் வார்த்தையை அளந்து பேசும் அக்கா, வீடு கிடைத்த சந்தோஷத்தில் முகாமுக்குள் பேசும் பேச்சைப் பேசிவிட்டிருக்கிறார். விஷயம் இப்போதுதான் அவருக்கும் உறைத்தது. நெற்றியில் கை வைத்தார். "போன கிழமை மகளின்ர டீச்சரிட்டயும் இப்பிடித்தான் சொன்னனான்."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நான் தெருவே கேக்கறாப்புல சொல்லிக்கினு திரிஞ்சேனே."

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. வெட்கப்படுகிற காரியத்தையும் பேர் சொல்லியே கேட்கிறேன். உங்களுக்கும் வாயில் வராத பாரம் ஒன்று இருந்தால், வார்த்தை தேடாமல் அவரிடம் வைத்துவிடுங்கள். அவருக்கு எல்லா ஊர்த் தமிழும் தெரியும்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. பெரியம்மா ஏறவில்லை. பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கரும்புக் கொல்லை வரப்பில் இறங்கி அந்த வீட்டைப் பார்க்க முன்னால் நடந்தார்.