ஐந்து டன் தூக்கியவள்

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அம்பத்தூர் மேனாம்பேட்டில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு நடக்க வராது. கால்கள் செய்யாததையும் சேர்த்து வாய் செய்துவிடும்! கணவருக்குத் திருமழிசைப் பக்கம் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவார். அவளைக் குளிக்க வைப்பது, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது, பள்ளி வேனில் ஏற்றுவது எல்லாம் என் பாடு.

கைக்குழந்தையாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒன்பது வயதில் இருபத்தைந்து கிலோ இருந்தாள். இன்னும் எத்தனை வருடம் என்னால் இவளைத் தூக்க முடியும்? குக்கர் விசிலை எண்ணும்போதுகூட இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடும்.

அதற்காகத்தான் பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தேன். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், அவ்வளவுதான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். எதையும் எக்செல்லில் போட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். மூன்று கிலோ டம்பெல் ஒன்றை எடுத்துக்கொண்டு காலுக்கு நூறு, தோளுக்கு நூறு, கைக்கு நூறு என்று வாரத்தில் ஆறு நாள் செய்தேன். பெருக்கிப் பார்த்தால் வாரத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல் வந்தது. "ஒரு யானையையே தூக்கியிருக்கேன்" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். கிராஃப் ஜம்மென்று மேலே ஏறியது.

மூன்று மாதம் கழித்து, மகளின் பரீட்சை நாளன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. யானையைத் தூக்கியவளுக்கு இது என்ன என்று அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைகள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவளைப் படியிலேயே உட்கார வைத்துவிட்டேன். வாட்ச்மேனும் கீழ்வீட்டுக்காரரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். ஓயாமல் பேசுகிறவள் அன்று வாயே திறக்கவில்லை. வேனில் உட்கார்ந்த பிறகு, "பரவால்லம்மா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை ஜிம்முக்குப் போய், ஆத்திரத்தில் நூறுக்குப் பதில் இருநூறு செய்துகொண்டிருந்தேன். அங்கே கோச்சாக இருந்தவள் பக்கத்து ஏரியாவான பாடியைச் சேர்ந்த பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், பளு தூக்கும் போட்டிகளுக்குப் போகிறவள். அதுவரை ஒரு சிரிப்போடு சரி. அன்று நேராக வந்து என் போனை வாங்கி, அந்த எக்செல்லை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கணக்கு இம்மாம் பெர்சா கீது! ஆமா, உன் பொண்ணு மூணு கிலோவா?"

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் கோபமுமாகக் காலையில் நடந்ததைக் கொட்டிவிட்டேன். அவள் நேராக ஹாலின் மூலைக்குப் போனாள். பன்னிரண்டு கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னாள். எட்டாவது முறை எழுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது.

"நூறு தபா தூக்க முடியுதுன்னா அது உனக்கு வெயிட்டே இல்லக்கா. பத்தாவது தபா தூக்கவே வரக்கூடாது, அப்டி எடு. மூணு செட்டு, வாரத்துக்கு மூணு நாளு. மிச்ச நாளு நல்லா துன்னு, தூங்கு. அப்பத்தான் சதை ஏறும்."

அடுத்த வாரம் மொத்தம் ஒரு டன்கூட வராமல் என் கிராஃப் பாதாளத்தில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு நாட்களில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களை வைத்து திருட்டுத்தனமாக நூறு நூறாகச் செய்தேன். திங்கட்கிழமை நான் மூட்டையோடு எழுந்த லட்சணத்தைப் பார்த்தே கோச் கண்டுபிடித்துவிட்டாள். "ஊட்ல இன்னா பண்ண?" என்றாள். நாற்பது வயதில் ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி தலைகுனிந்து நின்றேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னபடி மட்டும் செய்தேன். எட்டு முறை சுலபமானால் எடையைக் கூட்டுவாள். உடம்பு தாங்குகிறது என்று தெரிந்தபின் ஒரு செட் கூட்டுவாள். பன்னிரண்டு பதினைந்தானது, இருபதானது. ஒரு வருடத்துக்குள் மூட்டை முப்பதைத் தாண்டியது. ஜாக்கெட்டுகளின் கையை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. தையல்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்குப் பூரிப்பாக இருந்தது.

அடுத்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் மகளுக்கு விநாடி வினாவில் முதல் பரிசு. மேடைக்கு ஒன்பது படிகள், சாய்தளம் கிடையாது. நாற்காலியோடு தூக்க இரண்டு ஆசிரியர்கள் ஓடிவந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளை வாரி எடுத்தேன். இருபத்தெட்டு கிலோ. படியேறும்போது காதருகில், "அம்மா, மூச்சு வாங்காத, மைக் பக்கத்துல இருக்கு" என்று கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, நான் சிரமப்படுகிறேனோ என்று நினைத்து, "போதும்பா, சீக்கிரம் எடுங்க" என்று போட்டோகிராபரை அவசரப்படுத்தினார்.

"இன்னும் ரெண்டு எடுத்துக்கங்க சார். எங்கம்மா தாங்குவாங்க" என்றாள் என் மகள், மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி.

மண்டபம் கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்தது, கை நடுங்கவில்லை.

போன வாரம் டாக்டரிடம் போயிருந்தோம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, முப்பத்தெட்டு கிலோ. என் மூட்டையும் நாற்பதைத் தாண்டிவிட்டது. "நல்லா வளர்றா" என்றார் டாக்டர். ஒரு காலத்தில் இந்த வார்த்தையைக் கேட்டால், இன்னும் எத்தனை கிலோ கூடுமோ என்றுதான் கணக்குப் போடுவேன். பெற்ற பிள்ளை வளர்கிறது என்று கேட்டு எல்லா அம்மாக்களையும் போல என்னாலும் சந்தோஷப்பட முடிகிறதே, அதுதான் நான் சம்பாதித்த பலம்.