கோல் போஸ்ட்டுக்கு முன்னால் அருகம்புல்

எங்கள் சித்தப்பாவுக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. ஆனால் காஞ்சிபுரத்தில் அவர் பார்த்துக்கொண்ட மைதானத்தில் மழை ஈரத்தின்மேல் யாராவது நடந்துவிட்டால், தன் முதுகிலேயே மிதித்துவிட்ட மாதிரி துடிப்பார். கோடையில் தண்ணீர் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் தேங்கியதை வடிப்பது, மெஷின் விட்டுப் புல் வெட்டுவது எல்லாம் அவர் வேலை. அந்த வருஷம் இரண்டு கோல் போஸ்ட்டுகளுக்கு முன்னாலும் புல் தேய்ந்து வெறும் மண்ணாகிவிட்டது. புரட்டாசியில் பந்தயம். அதற்குள் பச்சை பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

ஆடியில் மண்ணைக் கொத்தி, ஆற்று மணல் கலந்து, அருகம்புல்லைக் கணுக்கணுவாகக் கிள்ளி நட்டார் சித்தப்பா. ஆவணியில் அது தழைத்தது. தழைத்ததுதான் வம்பு. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வரும். ஊரே அருகம்புல் தேடிக் கிளம்பும். சரியாக வேர் பிடிக்காத புல்லை நுனியில் இழுத்தால் கொத்தோடு வந்துவிடும்.

சித்தப்பா மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் நாள் சாயங்காலம் இரண்டு பக்கமும் பசுஞ்சாணியைக் கரைத்து ஊற்றினார். அந்த நாற்றத்துக்கு ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் நாங்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போதாததற்கு எட்டு வயதுக்காரியான என் கையில் ஒரு விசிலைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் வந்த பெண்கள் நேராகக் கோல் போஸ்ட்டுக்குத்தான் போனார்கள்.

“சாணி தெளிச்சி எவ்ளோ சுத்தமா வெச்சிக்கிறாரு பாரும்மா! இதையே பறிச்சிக்கலாம்.”

நான் மூச்சு முட்ட விசில் ஊதினேன். சித்தப்பா ஓடி வந்து, கெஞ்சிக் கூத்தாடி, மதிலோரம் வெட்டாமல் விட்டிருந்த புல்லைக் காட்டி அவர்களை அந்தப் பக்கம் அனுப்பினார். டிபனோடு வந்த சித்தி மோட்டார் ரூம் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

சித்தி பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். சித்தப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பிறந்த வீட்டில் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தெரு என்னவோ கூப்பிடு தூரம்தான். எனக்கு இதெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, பூக்கூடையோடு ஓர் அம்மா தனியாக வந்தார். மதிலோரம் போகாமல் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்று மோட்டார் ரூமையே பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேரே விசில் ஊதினேன்.

“கொஞ்சம் புல்லுதாம்மா.”

“இங்க பறிக்கக் கூடாது!”

சித்தப்பா வந்து என் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினார். மண்டிபோட்டு உட்கார்ந்து, ஊரையே விரட்டிக் காப்பாற்றிய அந்தப் புல்லைத் தன் கையாலேயே பறிக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை அவருக்கு. ஒவ்வொரு கொத்தாக எடுத்து மண்ணைத் தட்டித் தட்டிச் சேர்த்தார். அவ்வளவு நேரமும் அந்த அம்மா பார்வையை அந்தண்டை இந்தண்டை திருப்பவில்லை. மோட்டார் ரூம் வாசலில் சித்தியும் அசையவில்லை.

“கூப்பிடட்டுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார் சித்தப்பா.

“வேணாம்பா. அவங்கப்பா கேட்டாண்ட நின்னுக்கினு இருக்காரு.”

புல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியை எடுத்துச் சித்தப்பா கையில் வைத்து, “வெச்சிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தட்டு அகலத்துக்கு மண் தெரிந்தது. பந்தயத்துக்குள் அது மூடிக்கொண்டதும், சித்தப்பா இன்றைக்கும் அதே மைதானத்தில் இருப்பதும் பிற்பாடு நடந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வேலைக்கு அவரே உலை வைத்துக்கொண்டார் என்பதுதான்.

சித்தி வந்து அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மல்லியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். காலையெல்லாம் சிரித்தவளுக்கு இப்போதாவது நஷ்டம் உறைத்ததே என்று நினைத்தேன். பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கிட்டே போய் அவள் முதுகைத் தடவினேன்.

“அழாத சித்தி. வேற புல்லு நட்டுக்கலாம்.”

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். ஒரு பிடி புல்லுக்காக இப்படி அழுகிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.