கல்வெட்டில் செத்தவர்

கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்த அந்த மனிதருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அமரர். வாய்க்கொழுப்பில் வைத்ததல்ல, கல்லிலேயே அப்படித்தான் இருந்தது. போருக்குப் போய்த் திரும்பாத மாணவர்களின் நினைவாகக் கட்டிய நூலகம் அது. வாசல் சுவரில் அவர்களுடைய பெயர்கள், நாலாவது இவருடையது. காலையில் தன் பெயரைத் தானே தூசி தட்டிவிட்டு, உள்ளே போய் அகராதி அலமாரிக்குப் பின்னால் ஒரு தூக்கம் போடுவார். செத்தவனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே காலேஜ் இதுதான் என்பாள் மனைவி.

நடந்தது இதுதான். முகாமில் குளிரில் வெடவெடத்த சமையல்காரனுக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். விடுதிச் சலவையில் மாறிவிடாமலிருக்கக் கழுத்துப் பட்டியில் பெயர் தைத்த ஸ்வெட்டர். மறுநாள் குண்டு விழுந்தது. சமையல்காரன் இவர் பெயரில் அடக்கமானான். எதிரியிடம் சிக்கிய இவர் கம்பி எண்ணிவிட்டுத் திரும்பியபோது நூலகத்துக்கு ரிப்பனே வெட்டி முடித்திருந்தார்கள். கையைப் பிசைந்த நிர்வாகம், அங்கேயே ஒரு வேலை போட்டுக் கொடுத்து இவர் வாயை அடைத்தது. ராணுவத்தின் குளறுபடி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஸ்வெட்டரைப் பற்றி இவர் மூச்சு விட்டதில்லை.

மற்றபடி, அடைபடுகிற வாயா அது? நினைவு நாளில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். இவர் பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து, "உள்ளேன் ஐயா!" கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அதற்காகவே பாதிப் பேர் வருவார்கள்.

புதிதாக வந்த முதல்வருக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. அந்தப் பெயரைச் செதுக்கி எடுக்க ஆளை வரவழைத்துவிட்டார். சுவரடியில் உளியைக் கண்டதும் அமரர் தூசித் துணியை அப்படியே கீழே போட்டார். முதல்வர் அறைக்கு ஓடி, ஸ்வெட்டர் கதையை ஒன்று விடாமல் கொட்டினார்.

முதல்வர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அவ்வளவுதானே? உங்க பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டுடலாம். அவர் பேரு என்ன?"

அமரர் வாயைத் திறந்தார். நாக்கில் வந்தது 'உப்பு' மட்டும்தான். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவான் என்று முகாமே அவனை உப்பு என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைக் கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. மூன்று வேளையும் அவன் கையால் தின்ற இவருக்கும் தோன்றவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர் அவன் சாவை வைத்து இத்தனை வருடம் சிரிப்பு மூட்டியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரியாது சார். என் பேரே இருக்கட்டும். அவனுக்கு வேற பேரு இல்ல."

முதல்வர் உளிக்காரரைத் திருப்பி அனுப்பினார்.

அந்த ஆண்டு பெயர்களை முதல்வரே வாசித்தார். நாலாவது பெயர் வந்ததும் மொத்தக் கூட்டமும் சிரிக்கத் தயாராகப் பின்னால் திரும்பியது. குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த நூலகர் அம்மா முழங்கையால் இடித்தார்.

"தூங்கிட்டீங்களா அண்ணே? உங்களைக் கூப்பிட்டாச்சு."

"என்னைக் கூப்பிடலம்மா" என்றார் அமரர்.