பப்லுவுக்கு நான் அடித்த மொட்டை

அப்போது எனக்கு ஒன்பது வயது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அத்தை இருந்தாள். கணவர் வீட்டில் ஒத்துவராமல், ஒரு பெட்டியோடும் பப்லு என்ற வெள்ளைப் பொமரேனியனோடும் வந்தவள். பெட்டி கட்டிலுக்கு அடியில் சமர்த்தாகக் கிடந்தது. பப்லுதான் வீடெங்கும் முடி கொட்டினான்.

வெயில் ஏறும்போது ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, உள்முடி கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். தாலுகா ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அத்தை சீப்போடு உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவு சீவினாலும் ஒன்றிரண்டு முடி படியிறங்கி எங்கள் ரசத்துக்கு வந்து சேரும். அம்மா அதை இரண்டு விரலால் எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் போடுவாள்.

அந்த மே மாதம் தம்பிக்கு வீசிங் வந்தது. "இதுக்கு மேல என்னால முடியாது. இந்த மாசத்தோட ஒரு முடிவு கட்டணும்" என்று மாடிக்குக் கேட்கும்படி அம்மா சொன்னாள். பப்லுவை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன்.

முடிதானே பிரச்சினை? போன வாரம்தான் உஷ்ணம் என்று தம்பிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். மறுநாள், அத்தை ஆபீசுக்குப் போன பிறகு, அப்பாவின் டிரிம்மரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

இரண்டு இழுப்பிலேயே டிரிம்மர் சிக்கிச் சூடாகி நின்றுவிட்டது. பிறகு கத்தரிக்கோல். பப்லு நடுங்கினான், ஆனால் கடிக்கவில்லை. தொடையில் ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்தபோதுகூட என் கையைத்தான் நக்கினான். அத்தனை முடிக்குள் இவ்வளவு சின்ன நாய்தான் இருந்தது என்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முறைப்படி சந்தனம் குழைத்துப் பூசினேன். காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டதும் தூங்கியும் போனேன்.

விழித்து ஓடியபோது பப்லு பக்கவாட்டில் கிடந்தான். நாக்கு வெளியே தொங்கியது. முதுகு சிவந்து கொதித்தது. தண்ணீர் வைத்தேன், தலையைத் தூக்கவில்லை. அம்மாவை எழுப்பப் பயம். நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஈரத்துணியைப் போர்த்தி, தெருவில் வரும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோ சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். அத்தை வந்து சேர்வதற்குள் அவன் மூச்சு நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

அத்தை வந்தாள், பார்த்தாள். துணியோடு அவனை வாரிக்கொண்டு, தெருவில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

"ரெண்டு அடுக்கு முடிம்மா இது. மேல் முடிதான் வெயில தடுக்கும். சீவி வுடணும், வெட்டவே கூடாது" என்று கால்நடை டாக்டர் சத்தம் போட்டார். "யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் சார், தெரியாம பண்ணிட்டேன்" என்றாள் அத்தை. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏறி, இரண்டு நாளில் பப்லு எழுந்து கஞ்சி குடித்தான். வீட்டில் ஒரு முடி இல்லை. ஆனால் அம்மாவின் முணுமுணுப்பு நிற்கவில்லை. மாடியில் குழாய் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது என்று வேறு வேறு விஷயங்களுக்குப் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே முடி கொட்டாதும்மா. பப்லு இங்கியே இருக்கட்டும்மா" என்று கெஞ்சினேன்.

அம்மா மாவரைத்துக்கொண்டே, "நாய யாருடி போவச் சொன்னா? அது பாட்டுக்கு இருக்கட்டும். நாய நாமளே வச்சிக்கலாம்" என்றாள்.

சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, ஒரு சொல் விடாமல் அதை அத்தையிடம் சொன்னேன். நல்ல சேதி கொண்டுவந்த எனக்கு அவள் ஏன் ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன்.